வெள்ளைப் பொடியின் விளிம்புகள்

ரப்பர் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பணி சாம்பல் சோதனை. கறுப்பு ரப்பர்த் துண்டிலிருந்து ஒரு கிராம் வெட்டி, எடை பார்த்து, பீங்கான் மூசையில் இட்டு, புகை அடங்கும் வரை மெல்லிய தீயில் கருக்கி, பிறகு 550 டிகிரி செல்சியஸில் இருக்கும் மின்னுலைக்குள் வைக்க வேண்டும். ரப்பரும் எண்ணெயும் கார்பன் கரியும் எரிந்து போய்விட, எரிய முடியாதது மட்டும் மூசையின் அடியில் தங்கும். நான் இடுக்கியால் மூசையை வெளியே எடுத்தபோது அடியில் எலுமிச்சை நிறத்தில் கொஞ்சம் பொடி இருந்தது. பதிவேட்டில் ‘மஞ்சள் சாம்பல்’ என்று எழுதினேன். அதைப் படித்த மூத்த வேதியியலர், “ஆறட்டும், அப்புறம் எழுதுங்க தம்பி” என்றார். ஈரம் புகாத கண்ணாடிச் சாடிக்குள் மூசை ஆற ஆற, மஞ்சள் ஓரத்திலிருந்து வெளிறத் தொடங்கி, கால் மணி நேரத்தில் பொடி முழுவதும் சுண்ணாம்பைப் போல வெளுத்துவிட்டது. எடை 0.03 கிராம். அதில் ஏறக்குறைய முழுவதும் துத்தநாக ஆக்சைடு, அதாவது ஜிங்க் ஆக்சைடு.

சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை என்பதைப் பள்ளியில் உப்புப் பகுப்பாய்வு செய்த எவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நானும் மனப்பாடம் செய்தவன்தான். காரணத்தைத் தேடிப் படித்தது அன்றைக்குப் பிறகுதான். திடப்பொருளில் எலக்ட்ரான்கள் கட்டுண்டிருக்கும் ஆற்றல் நிலைக்கும், அவை தடையின்றி நகரக்கூடிய நிலைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. துத்தநாக ஆக்சைடில் அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 3.3 எலக்ட்ரான் வோல்ட். ஒளியின் கணக்கில் அது சுமார் 370 நானோமீட்டர் அலைநீளம். கண்ணுக்குத் தெரியும் ஊதாவுக்குச் சற்று அப்பால், புற ஊதாப் பகுதிக்குள் அது விழுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் உறிஞ்சாமல் சிதறடிப்பதால் பொடி வெண்மையாகத் தெரிகிறது. சூடேறும்போது அந்த இடைவெளி சுருங்குகிறது. ஊதாவிலும் நீலத்திலும் ஒரு பகுதி உறிஞ்சப்பட, மிஞ்சுவது மஞ்சள். அதே சூட்டில் மிகச் சிறிதளவு ஆக்சிஜனும் படிகத்தைவிட்டு வெளியேறுகிறது. 800 டிகிரியில் துத்தநாகம் லட்சத்துக்கு ஏழு அணுக்கள் என்ற அளவில் மிகுந்திருக்கும் என்பது வேதியியல் நூல்கள் தரும் கணக்கு.

லட்சத்துக்கு ஏழு என்பது தராசில் நிற்காத அளவு. ஆனாலும் இந்தப் பொடியோடு இத்தனை ஆண்டுகள் பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு: துத்தநாக ஆக்சைடு செய்யும் பெரும்பாலான வேலைகளை அதன் உடல் செய்வதில்லை, அதன் மேற்பரப்பும், ஒரு துகள் இன்னொன்றைத் தொடும் எல்லையும், படிகத்தில் இருக்கும் இந்தச் சின்னஞ்சிறு குறையும்தான் செய்கின்றன. டயருக்குள்ளும், மின்கம்பத்தில் தொங்கும் இடிதாங்கிக்குள்ளும், உர ஆலையின் கொள்கலத்துக்குள்ளும், வெயிலுக்குப் பூசும் களிம்புக்குள்ளும் ஒரே பொடி இருக்கிறது என்பது வியப்பாகத் தோன்றலாம். எல்லையில் நின்று பார்த்தால் இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு தொலைவானவை அல்ல.

தயாரிப்பிலிருந்தே தொடங்குகிறேன். துத்தநாக உலோகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். உருக்கிக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் காற்றோடு சந்திக்க விட்டால், அது பச்சை கலந்த வெண்சுடராக எரிந்து வெள்ளைப் புகையாகிறது; அந்தப் புகையைக் குளிர்வித்துத் துணிப்பைகளில் வடிகட்டினால் கிடைப்பதுதான் சந்தையில் விற்கும் ஜிங்க் ஆக்சைடின் பெரும்பகுதி. பிரெஞ்சு முறை என்று இதற்குப் பெயர். தாதுவையோ கழிவையோ கரியோடு சேர்த்துச் சுட்டு, அங்கேயே எழும் ஆவியை எரிப்பது அமெரிக்க முறை. செலவு குறைவு, தூய்மையும் குறைவு. கரைசலிலிருந்து வீழ்படிவாக்கிச் சுடுவது மூன்றாவது வழி. பழைய இரசவாதிகள் துத்தநாகம் எரியும்போது பறந்து படியும் வெள்ளைப் பஞ்சைக் கண்டு அதற்கு ‘ஞானியின் கம்பளி’ என்று பெயர் வைத்தார்கள். பையில் வந்து இறங்கும் பொடியைக் கையில் அள்ளிப் பார்த்தவர்கள் அந்தப் பெயர் பொருத்தம் என்று ஒப்புக்கொள்வார்கள். பொடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு. ஆனால் துகள்களுக்கு இடையே அவ்வளவு காற்று இருப்பதால், கரண்டியை வைத்தாலே அது மெல்ல எழும்பும்.

பிரெஞ்சு முறை தொழிலாக வளர்ந்ததன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பாரிஸ் நகரத்தில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்ததாரராக இருந்த எட்மே ழான் லெக்ளேர், அந்தக் காலத்து வெள்ளை வண்ணத்தின் அடிப்படையான ஈய வெள்ளை தம் தொழிலாளர்களின் உடலை எப்படிச் சிதைக்கிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்தவர். ஈயத்துக்குப் பதிலாகத் துத்தநாக வெள்ளையைப் பயன்படுத்தலாம் என்று 1780களிலேயே கித்தோன் தெ மொர்வோ என்ற வேதியியலர் பரிந்துரைத்திருந்தார். விலை அதிகம் என்பதால் யாரும் கேட்கவில்லை. லெக்ளேர் 1840களில் அதைப் பெருமளவில் தயாரிக்கவும், எண்ணெயில் சரியாக உலரவைக்கவும் வழி கண்டார். ஓவியர்களுக்கு 1834-லேயே லண்டனில் வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனம் ‘சைனீஸ் ஒயிட்’ என்ற பெயரில் துத்தநாக வெள்ளையை நீர்வண்ணமாக விற்கத் தொடங்கியிருந்தது. வண்ணப்பூச்சில் ஈய வெள்ளைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை 1921-ல்தான் வந்தது. உடல்நலக் காரணத்துக்காகத் தொழில் மாறிய முன்னுதாரணங்களில் இதை நான் உயர்வாக வைக்கிறேன்.

ஆனால் வண்ணத்தில் துத்தநாக ஆக்சைடு நீண்ட காலம் முதலிடத்தில் நிற்கவில்லை. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2. பின்னால் வந்த டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.7 வரை உண்டு என்பதால் அடியில் இருப்பதை மறைக்கும் ஆற்றலில் அது எளிதாக வென்றது. போதாக்குறைக்கு, துத்தநாக ஆக்சைடு எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களோடு மெல்ல வினைபுரிந்து துத்தநாக சோப்பாக மாறுகிறது. பல ஆண்டுகளில் வண்ணப் படலம் நொறுங்கும் தன்மை பெற்று, அடுக்கடுக்காகப் பெயர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் எண்ணெய் ஓவியங்களைப் பாதுகாக்கும் வல்லுநர்களுக்கு இது இன்றைக்கும் தலைவலி. ஓவியத்தைக் கெடுக்கும் அதே வினைதான் ரப்பருக்கு உயிர் கொடுக்கிறது என்பதால், அங்கே சற்று விரிவாக நிற்க விரும்புகிறேன்.

உலகில் தயாராகும் துத்தநாக ஆக்சைடில் பாதிக்கு மேல் ரப்பருக்குள் போகிறது. 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டபோது அது மிக மெதுவான வினையாக இருந்தது. 100 பங்கு ரப்பருக்கு 8 பங்கு கந்தகம் சேர்த்து 140 டிகிரியில் வைத்தால் ஐந்து மணி நேரம் ஆகும். 5 பங்கு துத்தநாக ஆக்சைடையும் சேர்த்தால் மூன்று மணி நேரமாகக் குறையும். 1906-ல் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் அனிலினைச் சேர்த்துப் பார்த்ததிலிருந்து தொடங்கி முடுக்கிகள் எனப்படும் கரிமச் சேர்மங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இன்று முடுக்கியும் துத்தநாக ஆக்சைடும் சேர்ந்து அதே வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, முடுக்கி வந்த பிறகு துத்தநாக ஆக்சைடு தேவையற்றுப் போகவில்லை என்பதுதான். துத்தநாகம் இல்லாவிட்டால் பெரும்பாலான முடுக்கிகள் அரைமனதோடுதான் வேலை செய்யும்.

உள்ளே நடப்பது இது. கலவையில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமும் 2 பங்கு சேர்க்கிறோம். அது துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பைத் தொட்டுத் துத்தநாக ஸ்டியரேட்டாக, அதாவது சோப்பாக, மாற்றுகிறது. ரப்பரில் கரையாத ஆக்சைடு இவ்வாறு கரையக்கூடிய துத்தநாகமாகிறது. கரைந்த துத்தநாகம் முடுக்கியோடு பிணைந்து, கந்தக வளையங்களைத் திறந்து, கந்தகச் சங்கிலியை ரப்பர் மூலக்கூறின் மேல் கொண்டுபோய் வைக்கிறது. பிறகு அந்தச் சங்கிலி பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு குறுக்குப் பிணைப்பாகிறது. துத்தநாகம் போதுமான அளவு இருந்தால் பிணைப்பில் வரிசையாக நிற்கும் கந்தக அணுக்களின் எண்ணிக்கை குறையும். குட்டையான பிணைப்பு சூட்டைத் தாங்கும், நீளமானது சூட்டில் அறுந்து ரப்பரை மீண்டும் இளக்கிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்கள் ரியோமீட்டர் முன்னால் உட்கார வேண்டும். சூடான இரு அச்சுகளுக்கு நடுவே சிறு வில்லை அளவு ரப்பர்க் கலவையை, எங்கள் பேச்சில் காம்பவுண்டை, வைத்து, ஓர் அச்சை மெல்ல முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே, அதற்குத் தேவைப்படும் முறுக்குவிசையை இயந்திரம் வரைபடமாகப் போடும். முதலில் ரப்பர் இளகுவதால் கோடு இறங்கும். சிறிது நேரம் தரையோடு போகும். பிறகு திடீரென்று எழுந்து மேலே போய்ச் சமதளமாகும். ஒரு முறை கலவை உருளையில் ஜிங்க் ஆக்சைடைச் சேர்க்க மறந்த ஒரு தொகுதி எங்களிடம் சோதனைக்கு வந்தது. கந்தகம், முடுக்கி, கரி, எண்ணெய் எல்லாம் சரியாக இருந்தன. கோடு இறங்கியது, தரையோடு போனது, எழவே இல்லை. எழுந்த கொஞ்சமும் முதியவர் மாடிப்படி ஏறுவதைப் போல நின்று நின்று எழுந்தது. 100-க்கு 5 பங்கு மட்டும் விடுபட்ட பொடிக்கு அவ்வளவு பொறுப்பு இருந்தது.

ஆரம்ப கால டயர்கள் வெண்மையாக இருந்ததற்கும் இதே பொடிதான் காரணம். அப்போது அதை முடுக்கிக்குத் துணையாக மட்டுமன்றி ரப்பரை வலுப்படுத்தும் நிரப்பியாகவும் தாராளமாகச் சேர்த்தார்கள். 1910களில் கார்பன் கரி தேய்மானத்தைத் தாங்கும் நிரப்பியாக இடம்பிடித்த பின் டயர் கறுத்தது. வெள்ளைப் பொடி கறுப்புக்குள் மறைந்துகொண்டது. இன்றைய டயரின் எடையில் அது 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும்.

பொடியை வாங்கும்போது தூய்மையை எல்லோரும் கேட்கிறார்கள். மேற்பரப்பைக் கேட்பவர்கள் குறைவு. பிரெஞ்சு முறைப் பொடிக்கு ஒரு கிராமுக்கு 3 முதல் 5 சதுர மீட்டர் மேற்பரப்பு இருக்கும். வீழ்படிவு முறையில் செய்யும் ‘ஆக்டிவ்’ வகைக்கு 30, 40 சதுர மீட்டர்கூட இருக்கும். அமிலம் தொடுவது மேற்பரப்பைத்தான் என்பதால், இரண்டாவது வகையில் பாதி அளவு போட்டாலும் பல காம்பவுண்டுகளில் வேலை நடந்துவிடுகிறது. ஆனால் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டினால் காசு கொடுத்து வாங்கிய மேற்பரப்பு கட்டிக்குள் வீணாகக் கிடக்கும். உருளையில் கலக்கும்போது வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டால் அந்தத் தொகுதியை நான் ஏற்பதில்லை.

ரப்பரில் மேற்பரப்பு என்றால், மின்சாரத்தில் துகள் எல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தின் கருவி ஒன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் நீட்டிப்புப் பெட்டி ஒரு நாள் கருகிய வாசனையோடு நின்றுபோனது. திறந்து பார்த்தபோது நீலப் பூச்சுள்ள வட்ட வில்லை ஒன்று நடுவில் பிளந்து, பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கரியாக்கியிருந்தது. அதன் மேல் ‘14டி431’ என்று அச்சிட்டிருந்தது பாதி தெரிந்தது. 14 மில்லிமீட்டர் விட்டம். 43-க்குப் பின்னால் ஒரு சுழியம், அதாவது 430 வோல்ட். அந்த மின்னழுத்தத்தில் அது ஒரு மில்லியாம்பியர் மின்னோட்டத்தை விடத் தொடங்கும். மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது மிகையைத் தன் வழியே வடித்துக் கருவியைக் காக்கும் இந்த வில்லைக்கு வாரிஸ்டர் என்று பெயர்; அதன் உடல் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் துத்தநாக ஆக்சைடுதான்.

இதை உருவாக்கியவர் ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனத்தில் பணியாற்றிய மிச்சியோ மாட்சுவோகா. அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1971-ல் வெளியானது. துத்தநாக ஆக்சைடோடு சிறிதளவு பிஸ்மத், கோபால்ட், மாங்கனீஸ், ஆண்டிமனி முதலியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து, வில்லையாக அழுத்தி, 1100 முதல் 1300 டிகிரி வரையில் சுட வேண்டும். பிஸ்மத் அணு பெரியது. துத்தநாக ஆக்சைடின் படிகத்துக்குள் அதற்கு இடமில்லை. ஆகவே துகள்கள் வளர வளர அது வெளியே தள்ளப்பட்டு எல்லைகளில் போய்ச் சேர்கிறது. சுட்டு முடித்த வில்லையை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், சுமார் 10 மைக்ரான் அளவுள்ள துகள்கள் பதித்த கல் தரையைப் போல நெருக்கமாக அமர்ந்திருப்பதும், மூன்று துகள்கள் கூடும் மூலைகளில் பிஸ்மத் நிறைந்த திட்டுகள் தேங்கியிருப்பதும் தெரியும்.

துகளின் உட்பகுதி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; அங்கே எலக்ட்ரான்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லையில் எலக்ட்ரான்கள் சிறைபட்டு, இருபுறமும் ஒரு மின்தடுப்பை எழுப்பிவிடுகின்றன. அந்தத் தடுப்பு ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். அதைத் தாண்டினால் உடைந்து வழிவிடும். மின்னழுத்தம் இறங்கியதும் மறுபடியும் மூடிக்கொள்ளும். 10 மைக்ரான் துகள்களால் ஆன ஒரு மில்லிமீட்டர் தடிமனில் நூறு எல்லைகள் வரிசையாக நிற்கின்றன என்றால், மொத்தம் 300 வோல்ட். மின்னழுத்தம் கூட வேண்டுமா, வில்லையைத் தடிமனாக்கு. அதிக மின்னோட்டத்தைத் தாங்க வேண்டுமா, விட்டத்தைப் பெரிதாக்கு. ஒரு பொறியாளருக்கு இதைவிடத் தெளிவான பொருள் கிடைப்பது அரிது.

இதன் அருமை பழையதோடு ஒப்பிட்டால் விளங்கும். மின்தடங்களை மின்னலிலிருந்து காக்கும் இடிதாங்கிகளில் இதற்கு முன் இருந்தது சிலிக்கான் கார்பைடு. அதில் மின்னோட்டம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் வளரும். நல்ல துத்தநாக ஆக்சைடு வில்லையில் ஐம்பதாம் அடுக்கில் வளரும். மின்னழுத்தம் பத்து சதவீதம் கூடினால், முன்னதில் மின்னோட்டம் 1.6 மடங்கு ஆகும். பின்னதில் நூறு மடங்குக்கும் மேல் ஆகும். சாதாரண நேரத்திலும் கசிவு அதிகம் என்பதால் சிலிக்கான் கார்பைடு இடிதாங்கியில் நடுவே மின்பொறி தாண்டும் ஒரு காற்று இடைவெளி வைத்தே தீர வேண்டியிருந்தது. துத்தநாக ஆக்சைடு வந்த பிறகு அந்த இடைவெளி தேவைப்படவில்லை. துணை மின்நிலையங்களில் மின்மாற்றிக்குப் பக்கத்தில் பாவாடை மடிப்புகளோடு நிற்கும் பீங்கான் அல்லது சிலிக்கோன் தூணுக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இந்த வில்லைகள்தான் இருக்கின்றன.

அப்படியானால் எங்கள் பெட்டியில் இருந்தது ஏன் வெடித்தது? மின்னலோ, பெரிய மோட்டார் நிற்கும்போது எழும் துடிப்போ மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும். வில்லை அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு ஆறிவிடும். எங்கள் இணைப்பில் நடுநிலைக் கம்பி கழன்று, மின்னழுத்தம் நெடுநேரம் உயர்ந்தே நின்றிருந்தது. அப்போது வில்லை இடைவிடாமல் கடத்தும், சூடாகும், சூடானால் கசிவு இன்னும் கூடும், கூடினால் இன்னும் சூடாகும். அந்தச் சுழலிலிருந்து அது தானாக வெளியே வராது. சூட்டில் அறுந்துபோகும் உருகியை வில்லையோடு ஒட்டி வைத்திருந்தால் விபத்து நேர்ந்திருக்காது. வாரிஸ்டர் இருக்கிறது என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்காமல், அந்த உருகி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

வேதி ஆலைகளில் இந்தப் பொடி ஆரவாரமில்லாமல் செய்யும் வேலையும் மேற்பரப்பு வேலைதான். அமோனியா உரத்துக்கு வேண்டிய ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் நிக்கல் வினையூக்கிக்குக் கந்தகம் நஞ்சு. அதனால் வாயுவை 350 முதல் 400 டிகிரி சூட்டில் துத்தநாக ஆக்சைடு உருண்டைகள் நிரப்பிய கலத்தின் வழியே முதலில் செலுத்துகிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு அங்கே துத்தநாக சல்பைடாகப் பிடிபட, தண்ணீர் மட்டும் நீராவியாக வெளியேறுகிறது. கந்தகம் பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மெத்தனால் தயாரிப்பில் அதன் பங்கு இன்னும் ஆழமானது. 1923-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் தொடங்கிய முறையில் துத்தநாக, குரோமிய ஆக்சைடுகளை வைத்துக்கொண்டு முந்நூறு வளிமண்டல அழுத்தத்தையொட்டி வேலை செய்ய வேண்டியிருந்தது. 1966-ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா மூன்றும் சேர்ந்த வினையூக்கியைக் கொண்டுவந்த பின் அழுத்தம் 50 முதல் 100 வரை போதும் என்றாயிற்று. செம்புத் துகளும் துத்தநாக ஆக்சைடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வினை நடப்பதாகப் பலரும் வாதிடுகிறார்கள். தனியாக நிற்கும் செம்பு அந்த அளவு வேலை செய்வதில்லை.

வாயு உணரியும் இதே இனம். சூடான துத்தநாக ஆக்சைடின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்வதால் மின்தடை கூடும். எரியக்கூடிய வாயு வந்து அந்த ஆக்சிஜனை எரித்துவிட்டால் எலக்ட்ரான் திரும்பி, மின்தடை இறங்கும். 1962-ல் ஜப்பானில் செய்யாமாவும் அவருடைய குழுவினரும் துத்தநாக ஆக்சைடுப் படலத்தில் இதைக் காட்டினார்கள். சந்தையைப் பிடித்தது வெள்ளீய ஆக்சைடு, கொள்கை ஒன்றுதான்.

தோலுக்கு வருவோம். இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்தியாக வேண்டும். துத்தநாக ஆக்சைடு உள்ள வெயில் களிம்பு கண்ணாடியைப் போல வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று உறைகளிலும் காணொளிகளிலும் சொல்கிறார்கள். புற ஊதாவைப் பொறுத்தவரை அது முக்கியமாக உறிஞ்சித்தான் காக்கிறது. மூசையில் பார்த்தோமே, அந்த 3.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிதான் இங்கேயும் வேலை செய்கிறது. 370 நானோமீட்டருக்குக் கீழான எல்லாவற்றையும் அது விழுங்குவதால், ஆழமாகத் தோலுக்குள் இறங்கும் நீண்ட அலைப் புற ஊதாவைத் தடுப்பதில் டைட்டானியம் டை ஆக்சைடைவிட அது மேலானது. சிதறடிப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. முகம் வெளிறித் தெரிவதற்கு அதுதான் காரணம். துகளை 100 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் சிதறல் குறைந்து வெண்மை மறைகிறது, உறிஞ்சல் இருந்தபடியே இருக்கிறது. உறிஞ்சிய ஆற்றல் மேற்பரப்பில் தீவிர வினைகளைத் தூண்டக்கூடும் என்பதால் நல்ல களிம்புகளில் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா அல்லது சிலிக்கோன் மேலுறை போட்டிருப்பார்கள். அமெரிக்க விதிகள் இதை 25 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. குழந்தைகளின் இடுப்புப் புண்ணுக்குப் பூசும் களிம்பிலும், சிறிது இரும்பு ஆக்சைடு சேர்ந்து இளஞ்சிவப்பான கேலமைன் நீர்மத்திலும், கிராம்பு எண்ணெயின் யூஜெனாலோடு குழைத்துப் பல் குழியில் அடைக்கும் தற்காலிகச் சாந்திலும் இதே பொடிதான் இருக்கிறது.

மின்னணுவியலில் இதற்குப் பெருமையும் ஏமாற்றமும் உண்டு. 1954-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் அறிமுகப்படுத்திய எலக்ட்ரோஃபேக்ஸ் என்ற நகலெடுப்பு முறையில், துத்தநாக ஆக்சைடு பூசிய காகிதமே ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றத்தை இழந்து நகலை ஏற்றது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2004-ல், ஜப்பானில் ஹிதேயோ ஹொசோனோவின் குழு இண்டியம், காலியம், துத்தநாகம் மூன்றின் ஆக்சைடையும் கலந்து, படிகமாகாத நிலையிலேயே எலக்ட்ரான்களை வேகமாகக் கடத்தும் டிரான்சிஸ்டரை வளையக்கூடிய பிளாஸ்டிக்கின் மேல் செய்து காட்டியது. படிகமாகாத சிலிக்கானைவிடப் பத்து மடங்கு வேகம், மிகக் குறைந்த கசிவு. 2012 முதல் கைபேசி, மடிக்கணினித் திரைகளில் அது வந்துவிட்டது. ஏமாற்றம் வேறிடத்தில். நீல ஒளி உமிழும் டயோடைத் துத்தநாக ஆக்சைடில் மலிவாகச் செய்யலாம் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. டயோடுக்கு எலக்ட்ரான் மிகுந்த வகையும் குறைந்த வகையும் இரண்டும் தேவை. துத்தநாக ஆக்சைடு இயல்பிலேயே முதல் வகை. அதை இரண்டாம் வகையாக மாற்றினாலும் அந்த நிலையில் நம்பிக்கையோடு நிறுத்திவைக்க முடியவில்லை. காலியம் நைட்ரைடு வென்றது. வாரிஸ்டருக்கு வாழ்வு கொடுத்த எலக்ட்ரான் மிகுதி இங்கே குறுக்கே நின்றது.

இத்தனை பயனுள்ள பொருளின் கேட்டையும் சொல்லாமல் விடக்கூடாது. பொடியாகக் கையாள்வதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் புதிதாக எழும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஓரிரு நாளில் சரியாகிவிடும். வேலை நாட்களில் உடல் பழகிக்கொள்வதும், விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போவதும் உண்டு என்பதால் அதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றே பெயர். சளிக் காய்ச்சல் என்று நினைத்து மறுநாளும் அதே புகையில் நிற்க விடாதீர்கள், காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

நீர்வாழ் உயிர்களுக்கு அது உண்மையாகவே நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் அதை அவ்வாறே வகைப்படுத்தியுள்ளது. டயர் தேய்ந்து சாலையில் படியும் தூளிலிருந்து துத்தநாகம் மழைநீரோடு ஓடைக்குப் போகிறது. எங்கள் தொழில் இதைப் பொறுப்போடு ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. 5 பங்கு என்பது வேதியியல் கேட்கும் அளவு அல்ல; கலக்கும்போது ஏற்படும் குறைகளுக்கு ஈடாக நாம் கூட்டிப் போட்டுக்கொண்டிருக்கும் அளவு. நுண்ணிய வகைப் பொடியை முதலிலேயே சிறிது ரப்பரில் நன்றாகப் பிணைத்து வைத்துக்கொண்டு, 2.5 பங்கோடு சில காம்பவுண்டுகளை இப்போது ஓட்டிப் பார்க்கிறோம். மெல்லிய பொருட்களில் ரியோமீட்டர் கோடு பழையதன்மேல் அப்படியே படிகிறது, இழுவலிமையும் குறையவில்லை. தடித்த பொருட்களில்தான் சிக்கல்: உள்ளே சூடு தேங்கும் இடத்தில் குறுக்குப் பிணைப்புகள் அறுந்து, வரைபடத்தின் சமதளம் கடைசியில் கீழ்நோக்கிச் சாய்கிறது. கந்தகத்தைக் குறைத்து முடுக்கியைக் கூட்டிய கலவைகளை அடுத்தபடியாக உருளையில் ஏற்றியிருக்கிறோம்.